நுண்கணிதம் படிக்கக் கம்ப்யூட்டர்: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரே பெஞ்சில் இரண்டு மாநிலத்துப் பாடப்புத்தகம் இருக்கும். சிலர் பத்தாம் வகுப்பு வரை இங்கே தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவர்கள். சிலர் தினமும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுபவர்கள். நுண்கணிதம், அதாவது கால்குலஸ், இரண்டு பக்கமும் ஒன்றுதான், பயமும் ஒன்றுதான். லேப்டாப்பை வைத்துப் பாடம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாஷே, நாங்களெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமல்தானே கால்குலஸ் பாஸானோம்?

பாஸானோம். நானும்தான். எக்ஸ்³-க்கு வகைக்கெழு 3எக்ஸ்² என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அந்த 3எக்ஸ்² எதன் அளவு என்று கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பேன். நுண்கணிதம் மாற்றத்தைப் பற்றிய கணக்கு. கரும்பலகையில் வரைந்த படமோ அசையாது. ‘இந்தப் புள்ளி அந்தப் புள்ளியை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்’ என்பார் சார். நாமும் வைத்துக்கொண்டோம். திரையில் அந்தப் புள்ளியைப் பிள்ளையே பிடித்து இழுக்கலாம். மென்பொருளால் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

ஒரு நிபந்தனை உண்டு. இழுப்பதற்கு முன்னால் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகிக்காமல் திரையைப் பார்க்கிற பிள்ளை டிவி பார்க்கிறது, அவ்வளவுதான். என்னிடம் பென்சில் எடுக்காதவன் கைக்கு மவுஸ் போகாது.

எந்த மென்பொருள் வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் புதிதல்ல. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்களும் வந்தது அந்த வழியில்தான். ஹைஸ்கூல் ஐ.டி. லேப்பிலேயே முக்கோணமும் வட்டமும் வரைய ஜியோஜீப்ராவைத் தொட்டிருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ‘அது வடிவியலுக்கு’ என்று மனதில் பதிந்துபோயிருக்கும். பிளஸ் டூவில் அதே மென்பொருளைத் திறந்தால் ‘இது எட்டாம் கிளாஸ் சாமான் ஆச்சே’ என்று சிரிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கியது அது. வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் சேர்ப்பதுதான் நோக்கமே, பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

போனில் சட்டென்று ஒரு வளைவரை பார்க்க டெஸ்மாஸ் என்ற ஆப் சுலபம். எண்ணாக மாற்றாமல் குறியீடாகவே சுருக்கி விடை தர மாக்சிமா இருக்கிறது. 1960களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஒரு நிரலின் வாரிசு என்பதால், முகத்தைப் பார்த்தாலே வயது தெரியும். பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அதற்குள்ளேயே ஓடும் சிம்பை. இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயன்படுத்துவது சாதாரண விரிதாள், அதாவது எக்செல் அல்லது லிப்ரெ ஆபீஸ் கால்க். ஏனென்றால் அதில் ஒவ்வொரு எண்ணும் கண்ணுக்குத் தெரியும், எதுவும் திரைக்குப் பின்னால் நடப்பதில்லை.

முதல் வகுப்பில் எதைக் காட்டுவது?

ஜூம். வேறொன்றும் வேண்டாம்.

எக்ஸ்² வளைவரையை வரையுங்கள். (1, 1) என்ற புள்ளியில் மவுஸை வைத்துப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். நாலைந்து தடவை உருட்டியதும் வளைவு காணாமல் போய் நேர்கோடு மாதிரி ஆகிவிடும். அந்தக் கோட்டில் வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் மேலே எத்தனை கட்டம் ஏறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு. அந்தச் சாய்வுதான் வகைக்கெழு; அந்தச் சொல்லைச் சொல்லாமலே அதை எண்ணிவிட்டார்கள்.

அடுத்து எக்ஸின் மட்டு மதிப்பு, அந்த ‘வி’ வடிவம். ஆதிப்புள்ளியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே நிற்கும். ‘இந்த இடத்தில் சாய்வு என்ன?’ என்று கேட்டால் பாதி வகுப்பு 1 என்றும் பாதி −1 என்றும் சொல்லும், சண்டை வரும். வரட்டும். ‘வகையிடத்தக்கதல்ல’ என்ற வரியைப் புத்தகத்தில் படிக்கும்போது அந்தச் சண்டைதான் ஞாபகம் வரும்.

இந்த யோசனை புதியதும் அல்ல, என்னுடையதும் அல்ல. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் டால் 1980களிலேயே இதற்கென்று மென்பொருள் எழுதி, எல்லை (லிமிட்) என்ற கருத்துக்கு முன்னால் ‘கிட்டப் பார்த்தால் நேர்கோடு’ என்பதிலிருந்து தொடங்கலாம் என்று வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

எச்சரிக்கை ஒன்று. இரண்டு அச்சும் ஒரே விகிதத்தில் பெரிதாக வேண்டும். ஒரு அச்சை மட்டும் இழுத்துவிட்டால் சாய்வு கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும்.

எல்லை என்றால் என்னவென்று எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அதற்கு ஏதாவது வழி?

இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஒரு முழு வகுப்பு.

எக்ஸ்² வளைவரையில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். ஒன்று எக்ஸ் = 1-இல் அசையாமல் நிற்கட்டும். இன்னொன்று 1 + ஹெச்-இல். ஹெச் ஒரு ஸ்லைடர். இரண்டையும் சேர்க்கும் வெட்டுக்கோட்டையும் அதன் சாய்வையும் திரையில் காட்டுங்கள். ஹெச் 1 என்றால் சாய்வு 3. ஹெச் 0.5 என்றால் 2.5. ஹெச் 0.1 என்றால் 2.1. ஒரு மாணவியை அழைத்து மவுஸைக் கொடுத்தேன். இழுப்பதற்கு முன், ‘ஹெச் 0-க்கு வந்தால் சாய்வு என்னவாகும்?’ என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எல்லோருமே 2.

அவள் மெதுவாக இழுத்தாள். 2.03, 2.02, 2.01. ஹெச் 0-இல் வந்து நின்றது. கோடு மறைந்துவிட்டது. சாய்வு இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

‘சார், கோட்டைக் காணோம். நான் ஒண்ணும் பண்ணலை சார்.’

லேப்டாப் கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். ஹெச் −0.01 ஆனதும் கோடு திரும்ப வந்தது, சாய்வு 1.99. மறுபடி 0, மறுபடி கேள்விக்குறி. இந்தப் பக்கம் 2.01, அந்தப் பக்கம் 1.99, நடுவில் ஓட்டை.

நான் விளக்கவே இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: ‘ரெண்டு புள்ளியும் ஒரே இடத்துல வந்துட்டா எந்தக் கோட்டைன்னு வரையும்? ஒரு புள்ளி வழியா ஆயிரம் கோடு போகுமே.’ அவன் சொன்னது பூஜ்யம் பை பூஜ்யம். இந்த இடத்தில்தான் எல்லை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். ஹெச் 0-இல் மதிப்பு கிடையாது, ஆனால் இரண்டு பக்கமிருந்தும் நெருங்க நெருங்க எந்த எண்ணை விட்டு விலக முடியவில்லையோ அந்த எண். அப்புறம் தாளில் (1 + ஹெச்)² − 1 என்பதை விரித்து, ஹெச்-ஆல் வகுத்து, 2 + ஹெச் என்று வந்ததும், ‘ஓஹோ, அதனாலதான் 2.01 வந்துச்சா’ என்றாள் மவுஸ் பிடித்தவள்.

மென்பொருள் அங்கே தோற்றதுதான் பாடம். ‘கோடு மறைவது அசிங்கமாக இருக்கிறது’ என்று சில ஆசிரியர்கள் ஸ்லைடரை 0.01-இலேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தொகையிடல் என்றால் பரப்பு என்கிறார்கள். பரப்பைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்?

கேட்டது ஒரு விவசாயியின் மகன். அவனுக்கு அவன் வீட்டு வாய்க்காலையே காட்டினேன்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் யாருக்கும் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 1970-இல் கேரளமும் தமிழ்நாடும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர், மணக்கடவு தடுப்பணையில் அளந்து விட வேண்டும். பேப்பரில் ஒரு நாள் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று வரும். இன்னொரு நாள் ‘இதுவரை இத்தனை டி.எம்.சி.’ என்று வரும். இரண்டும் தண்ணீர்தான், ஆனால் இரண்டும் ஒரே சாமான் அல்ல. முதலாவது வேகம், இரண்டாவது சேர்ந்த அளவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிதான் தொகையிடல். திரும்பி வரும் வழி வகையிடல்.

விரிதாளைத் திறந்தோம். பாடத்துக்காக நாங்களே ஐந்து நாள் எண்கள் போட்டுக்கொண்டோம்: விநாடிக்கு 200, 260, 310, 280, 150 கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஒவ்வொரு நாளும் ஒரு பட்டை: உயரம் வேகம், அகலம் ஒரு நாள். பட்டைகளின் பரப்பைக் கூட்டினால் 1,200 × 86,400, அதாவது 10 கோடியே 36 லட்சத்து 80 ஆயிரம் கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக, 0.104 டி.எம்.சி.கூட முழுசாக இல்லை. அஞ்சு நாள் ஓடியும் இவ்வளவுதானா என்று பையன்கள் முகம் தொங்கிப்போனது. 7.25 டி.எம்.சி.யை வருஷம் முழுக்கச் சமமாக விட்டால் விநாடிக்குச் சுமார் 230 கன அடி வரும் என்று அவர்களே திருப்பிக் கணக்குப் போட்டார்கள்.

நாளுக்கு ஒரு தடவை அளந்தால் நடுவில் ஷட்டரை ஏற்றி இறக்கியது தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தால் பட்டை ஒடுங்கும், கூட்டல் உண்மைக்குக் கிட்டே வரும். இதையே ஜியோஜீப்ராவில் ‘லோயர் சம்’, ‘அப்பர் சம்’ என்ற இரண்டு கட்டளைகளால் காட்டலாம். எக்ஸ்²-க்கு 0 முதல் 1 வரை, 10 பட்டை போட்டால் கீழ்க்கூட்டல் 0.285, மேல்கூட்டல் 0.385. 100 பட்டை போட்டால் 0.32835-உம் 0.33835-உம். இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருப்பது 1/3.

அன்றைக்கு நான் எதிர்பாராத இடத்தில் ஒரு தப்பு வந்தது. ‘மொத்தம் சேர்ந்த தண்ணீரை நாள் வாரியாக வரையுங்கள்’ என்றேன். மூன்றாம் நாளுக்கு அப்புறம் பாதிப் பேர் கோட்டைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஏனென்று கேட்டால், ‘310-லிருந்து 280 ஆச்சே சார், குறையுதில்ல?’ வேகம் குறைந்தால் மொத்தமும் குறையும் என்று நினைத்துவிட்டார்கள். விரிதாள் வரைந்த கோடு ஏறிக்கொண்டே போனது, ஆனால் படுத்துக்கொண்டு ஏறியது. மூன்றாம் நாளில்தான் செங்குத்து அதிகம். சார்பு ஏறுவது வேறு, அதன் சாய்வு ஏறுவது வேறு. இது பிளஸ் டூ வினாத்தாளில் வேறு வேஷத்தில் வந்து பலபேரைக் கவிழ்க்கும் இடம். முன்கூட்டியே ஊகத்தை எழுத வைத்ததால்தான் அந்தத் தப்பு என் கண்ணில் பட்டது. நேரே படத்தைக் காட்டியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மென்பொருள் தந்த விடை புத்தகத்து விடையோடு சேரவில்லை. எது சரி?

பெரும்பாலும் இரண்டும்.

சைன் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிடுங்கள். ஒருவர் சைன்² எக்ஸ் / 2 என்பார். இன்னொருவர் −காஸ்² எக்ஸ் / 2 என்பார். மூன்றாமவர் −காஸ் 2எக்ஸ் / 4 என்பார். மூன்றையும் ஒரே திரையில் வரைந்து பாருங்கள். ஒரே அலை, மேலும் கீழுமாக நகர்ந்து நிற்கும். அந்த நகர்வுதான், நாம் மறந்து மார்க் இழக்கும் ‘கூட்டல் சி’ என்ற மாறிலி. மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த சி-யை எழுதுவதே இல்லை. 1/எக்ஸ்-ஐத் தொகையிட்டால் மாக்சிமாவும் சிம்பையும் லாக் எக்ஸ் என்றே தரும், மட்டுக்குறி போடாது. பரீட்சைத் தாளில் போட வேண்டும்.

சந்தேகம் வந்தால் விடையைத் திரும்ப வகையிட்டுப் பாருங்கள். அது கையாலேயே முடியும்.

எப்போதாவது ‘ஈ.ஆர்.எஃப்.’ என்று புத்தகத்தில் இல்லாத ஒன்று விடையில் வரும். ஈ-இன் அடுக்கு −எக்ஸ்² போன்றவற்றைத் தொகையிட்டால் அப்படி வரும். நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளால் அந்த விடையை எழுதவே முடியாது, அதனால் அதற்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாத் தொகைக்கும் சூத்திரம் உண்டு என்ற நம் நம்பிக்கைதான் தப்பு.

கம்ப்யூட்டர் தப்பாகவும் காட்டுமா?

காட்டும், நன்றாகவே காட்டும். பிள்ளைகளுக்கு இதைச் சீக்கிரமே தெரியப்படுத்திவிடுங்கள்.

(1 + 1/என்)-இன் அடுக்கு என். என் பெரிதாகப் பெரிதாக 2.71828-ஐ நெருங்க வேண்டும். பைத்தானில் போடுங்கள். ஆயிரம், லட்சம், கோடி வரை ஒழுங்காக நெருங்கும். 10¹⁵ என்று கொடுத்தால் 3.035 என்று காட்டும். 10¹⁶ என்றால் வெறும் 1. கணினி ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 1-உடன் அவ்வளவு சின்னதைக் கூட்டினால் அதற்கு அது 1-தான். 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1.

(எக்ஸ்² − 4) / (எக்ஸ் − 2) வரைந்தால் முழுசாக ஒரு நேர்கோடு தெரியும். எக்ஸ் = 2-இல் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒரு புள்ளி அகல ஓட்டையைத் திரை எப்படிக் காட்டும்? தொடர்ச்சி பற்றிய கேள்விக்குப் படத்தை மட்டும் நம்பிப் பதில் எழுதினால் அங்கே மாட்டிக்கொள்வோம். −8-இன் கனமூலம் −2. பைத்தானில் −8-ஐ அடைப்புக்குள் போட்டு 1/3 அடுக்குக் கேட்டால் கற்பனைப் பகுதி ஒட்டிய கலப்பெண் ஒன்றை நீட்டும்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. முந்தின நாள் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் எடுத்தபோது டெஸ்மாஸை டிகிரிக்கு மாற்றியிருந்தேன், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் பிளஸ் ஒன்னுக்கு சைன் எக்ஸ் வரைந்து ‘பாருங்க அலையை’ என்று திரும்பினால், அலையே இல்லை. தரையோடு படுத்த ஒரு கோடு. இருபது நிமிஷம் போனது, லேப்டாப்பைத் திட்டினேன், நெட்டைத் திட்டினேன். ஒரு பையன் ஆதிப்புள்ளியில் ஜூம் செய்து, ‘சாய்வு 0.01745 காட்டுது சார்’ என்றான். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் மண்டையில் அடித்தது. பை (π) வகுத்தல் 180. சைன் எக்ஸின் வகைக்கெழு காஸ் எக்ஸ் என்பது கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டும்தான் உண்மை. டிகிரியில் முன்னால் இந்த 0.01745 ஒட்டிக்கொள்ளும். ‘நுண்கணிதத்தில் ஏன் ரேடியன்?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே டிகிரியில் வைத்துவிட்டுத் தெரியாதவன் மாதிரி நிற்கிறேன்.

போன் கேமராவைக் காட்டினால் கணக்கைப் போட்டுத் தரும் ஆப் இருக்கிறதே. ஏ.ஐ.யிடமும் கேட்கலாமே?

போட்டு முடித்த அப்புறம் சரிபார்க்கக் கேட்கலாம். போடுவதற்கு முன்னால் கேட்டால் அது அந்தப் பிள்ளையின் ஹோம்வர்க் அல்ல, போனின் ஹோம்வர்க். ஏ.ஐ. உரையாடல் கருவிகள் இன்னொரு வகை. சரளமாக எழுதும், நடுவில் ஒரு கழித்தல் குறியை விழுங்கிவிட்டு அதே தைரியத்தோடு மேலே போகும். அது தந்த விடையை ஜியோஜீப்ராவில் வரைந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

கால்குலஸைக் கண்டுபிடித்ததே நம் கேரளத்துக்காரர்தானாமே?

கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமக்கிராமத்து மாதவன், திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடைப் பக்கத்தவர் என்று கருதப்படுகிறார். சைன், காஸ், வில்லின் நீளம் ஆகியவற்றுக்கு முடிவில்லாத் தொடர்களை அவரும் அவர் வழிவந்தவர்களும் கண்டார்கள். அவற்றின் நிரூபணங்களை ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்திலேயே எழுதி வைத்தார். சமஸ்கிருதத்தை விட்டு ஊர் மொழியில் கணிதம் எழுதியவர் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு பிரியம். ஆனால் எந்தச் சார்புக்கும் பொருந்துகிற பொது முறையாக வகையிடலையும் தொகையிடலையும் ஒன்றோடொன்று கோத்தது 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும். இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

பெருமை பேசுவதைவிட விரிதாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய்க்கொண்டே இருந்தால் பை-இன் கால் பங்கு. 50 உறுப்புகளைக் கூட்டி நாலால் பெருக்கினால் 3.12159. அவ்வளவு பாடுபட்டும் 3.1-க்கு மேல் தேறவில்லை. மாதவன் வழியினர் அங்கே விடவில்லை. மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு திருத்த உறுப்பையும் கொடுத்தார்கள்: உறுப்புகளின் எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தின் நாலு மடங்கோடு ஒன்று கூட்டியதால் வகுக்க வேண்டும். 50-க்கு அது 50/10001. நாலால் பெருக்கும் முன் இதைக் கூட்டிவிட்டுப் பாருங்கள்: 3.14159265. எட்டு தசம இடம், ஒரே தாவலில். அந்தக் கட்டத்தில் எண் மாறும்போது வகுப்பில் ‘அடேயப்பா’ என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் பத்தி எதிலோ குறி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது?

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வகையிடல், தொகையிடல். மலையாளத்தில் அவகலனம், சமாகலனம். பிளஸ் டூ கேள்வித்தாளில் ஆங்கிலம். பிள்ளைகள் வாயில் ‘டீ ஒய் பை டீ எக்ஸ்’. நான் படத்தைத் தமிழில் பேச வைக்கிறேன்: ஏறுது, இறங்குது, படுத்துடுச்சு, முனை விழுந்துடுச்சு. பேசி முடித்ததும் அதற்குப் புத்தகச் சொல்லை இரண்டு மொழியிலும் பலகையில் எழுதுகிறேன். மென்பொருளின் மெனுவை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறேன், கல்லூரிக்குப் போனால் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

இதெல்லாம் பார்த்தால் மார்க் கூடுமா?

தேர்வறையில் லேப்டாப்பும் கிடையாது, போனும் கிடையாது. பயிற்சிக் கணக்கைக் கையால் போட்டால்தான் கை ஓடும். என் கணக்கு, பாடத்தின் முதல் வகுப்பு திரையில், நடு வகுப்புகள் முழுக்கத் தாளில், கடைசியில் சரிபார்க்கத் திரும்பத் திரை. பெருமம், சிறுமம், பரப்பு ஆகிய பாடங்களில் படம் மனதில் இருந்தால் வேலை பாதி. வெறும் சூத்திரத் தொகையிடலுக்குத் திரை பெரிய உதவி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்தில் வளைவரையைச் சுழற்றிக் கன அளவு காணும் பகுதி வரும். அதற்கு ஜியோஜீப்ராவின் முப்பரிமாணப் படம் கட்டாயம். உருளிப் பாத்திரத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டுவதைவிட அது சுலபம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

போன் போதும். ஆப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் ஜியோஜீப்ரா நெட் இல்லாமலும் ஓடும். பொள்ளாச்சிப் பக்கம் படித்த அண்ணன் அக்காவுக்குத் தமிழ்நாட்டு அரசு 2011 முதல் கொடுத்துவந்த விலையில்லா மடிக்கணினி சில வீட்டுப் பரணில் கிடக்கிறது. பேட்டரி போயிருக்கும், ஆனால் வயரைச் சொருகினால் இந்த வேலைக்கு அது தாராளம்.

நானே ஒரு கோப்பு செய்து பழக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

அந்த வெட்டுக்கோட்டிலிருந்தே தொடங்குங்கள். ஜியோஜீப்ராவைத் திறந்து உள்ளீட்டுப் பெட்டியில் எக்ஸ்² சார்பை அடியுங்கள். ஸ்லைடர் கருவியை எடுத்து ஹெச் என்று பெயர் வைத்து, −2 முதல் 2 வரை, படி 0.01 என்று அமையுங்கள். படியை 0.1-இல் விட்டுவிட்டால் 2.01 வராது, கதையின் சுவையே போய்விடும். அப்புறம் எக்ஸ் = 1-இல் ஒரு புள்ளி, எக்ஸ் = 1 + ஹெச்-இல் ஒரு புள்ளி. இரண்டுக்கும் ஒய் மதிப்பைச் சார்பின் பெயரைக் கொண்டே எழுதுங்கள், எண்ணாக எழுதாதீர்கள். பின்னால் எக்ஸ்²-ஐ சைன் எக்ஸ் என்றோ மட்டு மதிப்பு என்றோ மாற்றினால் புள்ளிகள் தாமாகவே வளைவரை மேல் போய் உட்காரும். இரண்டையும் சேர்க்கும் கோடு, அதன் சாய்வு. முடிந்தது, பத்து நிமிஷ வேலை.

சேமிக்கும்போது ஹெச்-ஐ 1-க்குக் கொண்டுவந்துவிட்டுச் சேமியுங்கள். ஒருமுறை நான் 0-இலேயே விட்டுச் சேமித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் திறந்தால் கோடே இல்லாத படமும் ஒரு கேள்விக்குறியும்தான் வந்து நின்றன, முன்பெஞ்சில் ஒருத்தி ‘அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா சார்?’ என்றாள்.